புகைக்கு ஆதாரம்

மானுடவியலையும் வரலாற்றையும் சேர்த்துப் பயிலும் இரண்டாம் ஆண்டு மாணவி குணசுந்தரியின் கட்டுரையை, விரிவுரையாளர் மஜீத் மேசைமீது வைத்தார். குருண் என்ற ஊருக்கு அருகில் ஒரு ரப்பர் தோட்டத்தில் 1981ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட புகைப்படத்தைப் பற்றிய கட்டுரை அது. படத்தில், முகத்தைத் துணியால் மறைத்த பெண்ணொருத்தி ரப்பர் மரத்தடியில் நிற்கிறாள். அவள் இடுப்பிலிருந்து புகை எழுகிறது.

“பால் வெட்டுறதுக்கு முன்னாடி மரத்துக்குத் தூபம் காட்டுற சடங்குன்னு படத்துக்குக் கீழ போட்டிருக்கு. நீங்க கொசுவர்த்தின்னு எழுதியிருக்கீங்க.”

“கொசுவர்த்திதான் சார். டின்னுல வச்சு இடுப்புல கட்டிக்குவாங்க. இல்லன்னா கொசு ஆளையே தூக்கிட்டுப் போயிடும்லா.”

“எந்தப் புத்தகத்துல இருக்கு? ஆதாரம் இல்லாம மார்க் போட முடியாது.”

“ஃபெயில் போட்டுடாதீங்க சார். வீட்டுல சண்டை போட்டுட்டுப் படிக்க வந்திருக்கேன்.”

“அப்ப ஆதாரத்தக் காட்டுங்க.”

குணசுந்தரி படத்திலிருந்த பெண்ணின் இடது மணிக்கட்டைத் தொட்டுக் காட்டினாள். அங்கே பிறை வடிவில் ஒரு கத்தித் தழும்பு தெரிந்தது. தன் சட்டைக்கையை மடித்துவிட்டு, அதே தழும்புள்ள இடது கையைப் படத்தின் அருகில் வைத்தாள்.

“அப்ப எனக்குப் பதினேழு வயசு சார். பேரன் ஸ்கூல்ல சேர்ந்த வருஷந்தான் நானும் இங்க சேர்ந்தேன்.”

மஜீத் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இப்ப நான் மார்க் போடுறதா, உங்களப் பேட்டி எடுக்கிறதா அக்கா?”

“ரெண்டையும் செய்யுங்க சார். மானுடவியலையும் வரலாற்றையும் சேர்த்துத்தானே இங்க சொல்லிக்குடுக்கிறீங்க.”