தகட்டில் எட்டுப் புடைப்பு

ஒழுகுகிறது என்று ஆள் வந்ததால் தகரக்காரர் அந்தக் கூரையில் மறுபடி ஏறினார்.

போன வருஷம் இங்கேதான் தங்கை புருஷனோடு வேலை செய்தார். சுத்தியலை ஓங்கும் முன்பெல்லாம் மச்சான் மூக்கை உறிஞ்சுவான். அந்தச் சத்தம் கேட்டாலே இவருக்குப் பற்றிக்கொண்டு வரும். அன்று அவன் மேல்தகட்டைக் கீழ்த்தகட்டுக்கு அடியில் செருகிவிட்டான். மழைத்தண்ணீர் நேராக வீட்டுக்குள் போகும். கேட்டதற்குச் சிரித்தான். இவர் சுத்தியலால் அவன் காதோரம் எட்டு அடி அடித்துக் கீழே தள்ளினார். கல்தரையில் மண்டை சிதறியதால் யாரும் காயத்தை எண்ணவில்லை. "கால் வழுக்கி விழுந்துட்டான்மா" என்று தங்கையைக் கட்டிக்கொண்டு அழுதார்.

இப்போது அதே தகட்டில் எட்டுப் புடைப்புகள். எல்லாமே மேல்நோக்கி இருந்தன. உள்ளிருந்து அடித்தால்தான் தகரம் அப்படிப் புடைக்கும். உள்ளேயோ பதினாலு அடி உயரம், பரண் கிடையாது.

"யக்கா, கூரையைக் கீழருந்து மொத்துனது யாரு, உங்க வீட்டுக்காரரா?"

"அவருக்கு பல்பு மாத்தவே கை எட்டாதுண்ணே!" வாசலில் நின்ற வீட்டுக்காரம்மா சிரித்தாள். "வீடு பூட்டிதான் கெடக்கு, சாவி என் இடுப்புல."

எட்டையும் தட்டிச் சமன் செய்தார். பிறகு, அடிச்சட்டம் உளுத்திருக்கிறதா என்று பார்க்க, வழக்கம்போலத் தகட்டில் காதை அழுத்தி வைத்து விரலால் தட்டினார்.

காதுக்கு நேர் கீழே, தகரத்துக்கு அந்தப் பக்கம், யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.