வெட்டச் சொன்ன படம்

"அந்தம்மாவை வெட்டிடுங்க. ஒரு படத்துலகூட இருக்கக் கூடாது" என்றார் கல்லூரி முதல்வர், கேமராவை எட்டிப் பார்த்து. "நான் பேசிட்டிருக்கேன், பக்கத்துல என்ன ஆட்டம் போட்டிருக்காங்க பாருங்க!"

போட்டோகிராபருக்கும் அந்தம்மா மேல் எரிச்சல்தான்.

காது கேளாத மாணவர்கள் நடத்திய நாடகம் அது. கடைசிக் காட்சிக்கு முன்னால் 'ரெண்டே நிமிஷம்' என்று மேடையேறிய முதல்வர், மைக் கிடைத்தால் விடுவாரா? மௌனத்தின் மகத்துவம் பற்றி முக்கால் மணி நேரம் கண்ணை மூடிக்கொண்டு முழங்கினார்.

நாடகத்தை எழுதிப் பழக்கிய ஆசிரியைதான் பக்கத்தில் நின்று அதைச் சைகையில் சொன்னார். பாதியில், அரங்கப் பொறுப்பாளர் ஓரமாக வந்து அவரிடம் கடிகாரத்தைக் காட்டினார். கடைசிக் காட்சி அம்பேல்.

அதுவரை ஒழுங்காக நின்ற ஆசிரியை அதற்கப்புறம்தான் ஆரம்பித்தார். விசும்பினார், மண்டியிட்டார், காற்றில் யாரையோ வாரி அணைத்தார். போட்டோகிராபர் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் படத்துக்குள் அந்தக் கைகள்.

"ஆனா சார், பசங்க எல்லாரும் அழுதாங்களே..."

"அழாம? பேச்சு அப்படி!" முதல்வர் தன் கண்ணையே துடைத்துக்கொண்டார். "எழுந்து நின்னு ரெண்டு கையையும் ஆட்டினாங்களே, அதுதான் அவங்க கைதட்டல். அதைப் பெருசாப் போடுங்க, என் ரூம்ல மாட்டணும்."

அவர் போனதும், நாடகத்தில் மகளாக நடித்த பெண் வந்து தன் போனில் தட்டிக் காட்டினாள்: "அண்ணா, கடைசி சீன் போட்டோ வேணும்."

பாவமாக இருந்தது. போனை வாங்கித் தட்டினார்: "அது நடக்கவே இல்லையேம்மா."

அவள் சிரித்துவிட்டாள். கேமராவில் படங்களைத் தள்ளிக்கொண்டே போய், முதல்வர் பக்கத்தில் மண்டியிட்டிருந்த ஆசிரியையிடம் நிறுத்தி, மறுபடி போனில் தட்டினாள்.

"இதோ! பெத்த பொண்ணோட மொழியைக் கத்துக்காத அம்மா, முதல் தடவையா கையால பேசி மன்னிப்புக் கேக்குற சீன். முழுசையும் மேடமே நடிச்சுட்டாங்க. அதுக்கப்புறம் சார் என்ன பேசினார்னு எங்க யாருக்கும் தெரியாது."

தன் எரிச்சலை நினைக்கப் போட்டோகிராபருக்கு வெட்கமாகப் போயிற்று.

கையாட்டும் படம் பெரிதாக முதல்வர் அறைக்குப் போனது. நாடக ஆல்பத்துக்கான படங்களில், சொன்னபடியே ஒவ்வொன்றிலும் ஓர் ஆளை வெட்டினார்.

முதல்வரை.