மூடி போட்ட கம்பு

நாய்க்குப் பயந்து கம்பு வாங்க வந்த மனுஷன், இருக்கிறதிலேயே நோஞ்சான் கம்பாகப் பார்த்து எடுத்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

பாப்பிரெட்டிப்பட்டிச் சந்தையில் அன்றைக்கு அதுதான் நடந்தது. வாங்க வந்தவர் தபால்காரர் மாரப்பன். விற்றவன், சித்தேரி மலையிலிருந்து மூங்கில் இறக்கி வந்திருந்த கரியன்.

"இதப் பாருங்க, கெட்டி மூங்கிலு. ஊனியும் நடக்கலாம். ஓங்கி ஒரு போடு போட்டா நாய் என்னங்க, கரடியே சுருண்டுக்கும்!"

மாரப்பன் அதைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

"ஓட்டை மூங்கில் ஒண்ணு குடப்பா."

"அதுல அடிச்சீங்கன்னா பொளந்துக்குமுங்க!"

"பொளந்தா நான் பாத்துக்கறேன். உள்ளார இருக்கிற கணுவையெல்லாம் தட்டி எடுத்துடு. மேல ஒரு மூடி போடு."

சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிக்க மாட்டார்களா? மனுஷன் கெண்டைக்காலில் கட்டோடு நொண்டிக்கொண்டு வந்திருக்கிறார். மூன்று வாரத்துக்கு முன்னால் மேலத்தெரு வெங்கடாசலம் வூட்டு நாய் கவ்விய கவ்வு. அதிலிருந்து அவர் மேலத்தெருப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. தபால் எல்லாம் பையிலேயே கிடந்தது.

"இன்னும் ஒரு வாரம் பாப்பேன். மேலத்தெருவுக்குத் தபால் போகலைன்னா பையைக் கழட்டி வெச்சுட்டு வூட்டுக்குப் போயிடு" என்று போஸ்ட் மாஸ்டர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். வூட்டில் நாலு பிள்ளைகள். பாவம், மாரப்பனுக்குச் சோறு இறங்கவில்லை.

சிரித்தவர்களில் ஒருவர் மட்டும் சிரிப்பைச் சட்டென்று நிறுத்தினார். அவர் வெங்கடாசலமேதான்.

கள்ளுக்கடையைச் சர்க்கார் மூடி ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஊர் மதுவிலக்குக் கமிட்டியில் அவர் வைத்ததுதான் சட்டம். வெள்ளைக் கதர், கையில் வெள்ளிப் பூண் போட்ட கம்பு. அந்தக் கம்பை ஊன்றவும் மாட்டார், வீசவும் மாட்டார், அடுத்தவர் கையில் கொடுக்கவும் மாட்டார். நெட்டுக்குத்தாகவே பிடித்துக்கொண்டு வருவார். கௌரவமாம்!

"ஓட்டை மூங்கிலு, மூடி வேறயா? ம்… நடக்கட்டும், நடக்கட்டும்" என்று முனகிக்கொண்டே போனார்.

அடுத்த சந்தைக்குள் ஊரே மூக்கில் விரல் வைத்தது. மேலத்தெருவில் ஒரு கடிதாசி பாக்கியில்லை. கோலாரில் இருக்கும் மகனுடைய கடிதாசி கைக்கு வந்ததில் சென்னம்மாள் தெருவிலேயே நின்று அழுதாள். மாரப்பன் கம்பை ஓங்கியதை ஒருத்தரும் பார்க்கவில்லை. நாய் குரைத்ததையும் ஒருத்தரும் கேட்கவில்லை.

வெங்கடாசலத்துக்கு மட்டும் பொறுக்கவில்லை. சந்தைக்கு ஏட்டையாவைக் கையோடு கூட்டி வந்து, கரியன் கடைக்கு முன்னாலேயே மாரப்பனை மடக்கினார்.

"வூடு வூடா சாராயம் குடுக்கறான் ஏட்டையா! மூடி போட்ட மூங்கில் எதுக்குன்னு எனக்குத் தெரியாதா?"

கூட்டம் கூடிவிட்டது. மாரப்பன் கம்பை மார்போடு அணைத்துக்கொண்டார். சர்க்கார் உத்தியோகம்! ஏட்டையா எழுதிக்கொண்டு போனாலே போச்சு.

"ஏட்டையா, அது வந்துங்க…"

ஏட்டையா மூடியைப் பிடுங்கி, மோந்து பார்த்து, மூக்கைப் பொத்திக்கொண்டார். கம்பைக் கவிழ்த்தார்.

பொலபொலவென்று கொட்டியது நெத்திலிக் கருவாடு.

"என்னய்யா இது?"

"நாய்க்குங்க" என்றார் மாரப்பன், தலையைச் சொறிந்துகொண்டு. "அடிச்சா இன்னைக்குப் போவும், நாளைக்கு மறுபடி வந்து கடிக்குமுங்க. காலைக் கவ்வும்போது பாத்தேன், வயிறு முதுகோட ஒட்டிக் கெடந்துது. கடிச்சது கோவத்துல இல்லீங்க, பசியில."

"அடி ஆத்தா! நாய்க்குப் படியளக்கற தபால்காரரை இப்பத்தான் பாக்கறேன்!" என்றாள் சென்னம்மாள்.

சந்தையே சிரித்தது. இந்தத் தடவை சிரிப்பில் கேலி இல்லை. ஏட்டையாவும் மீசைக்குள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

அதற்குள் கூட்டத்தின் கால்களுக்கு நடுவே நுழைந்து ஓடி வந்தது ஒரு நாய். வெங்கடாசலத்தைத் திரும்பியும் பார்க்காமல் தாண்டிப் போய், மாரப்பன் காலைச் சுற்றிச் சுற்றி வாலை ஆட்டியது.

"அட, எசமான் வூட்டு நாயி!" என்று எவனோ கத்தினான். "தினம் பாலும் சோறும் போடறேன்னு சொல்லுவாரே, அந்த நாயி!"

வெங்கடாசலத்துக்கு முகம் சிவந்துவிட்டது.

"மானங்கெட்ட நாயே!"

என்றைக்கும் ஓங்காத அந்த வெள்ளிப் பூண் கம்பை ஓங்கி ஒரு போடு போட்டார். நாய் துள்ளி விலகியது. கம்பு கல்லில் பட்டு, சடாரென்று இரண்டாகப் பிளந்தது.

உள்ளேயிருந்து கடகடவென்று கொட்டியதை மண் குடித்தது. ஒரு வருஷமாகச் சந்தை மறந்திருந்த வாசனை குப்பென்று கிளம்பியது. ஏட்டையா மூக்கிலிருந்து கையை எடுத்துவிட்டு வெங்கடாசலத்தைப் பார்த்தார்.

கூட்டம் ஓரடி பின்வாங்கியது. கரியன் மட்டும், தன் சரக்கு கெட்டுப்போன வருத்தத்தில் ஓடி வந்து, பிளந்த மூங்கிலைக் கையில் எடுத்தான்.

"என்னங்க எசமான், இது ஊத்தி வெக்கிற கம்பு, அடிக்கறதுக்கு ஆவாதுன்னு வாங்கும்போதே படிச்சுப் படிச்சுச் சொன்னேனுங்களே!"