கையை விரித்த காப்பான்

ஒரு மருத்துவமனைக் கம்ப்யூட்டருக்குள் காப்பான் என்றொரு மென்பொருள் இருந்தது. பழைய எக்ஸ்ரே படங்களை டிஸ்க்கில் பத்திரப்படுத்துவது அதன் வேலை. முன்பிருந்த டிஸ்க் பழுதாகி, ஒரு குழந்தையின் படம் தொலைந்துபோனது. அன்றுமுதல், மாற்றாக வந்த புது டிஸ்க்கில் வைத்த ஒவ்வொரு படத்துக்கும் ஒரு நகலைக் கையிலேயே பிடித்துக்கொண்டது காப்பான். அத்தனையையும் சுமந்தது, படங்களைத் திறக்க இடம் தரும் மெமரி.

ஒருநாள் மெமரிக்கு மூச்சு முட்டியது.

"காப்பானே, விபத்தில் அடிபட்டவரின் படம் வந்து காத்திருக்கிறது. திறக்க என்னிடம் இடமில்லை. கையில் இருப்பதை விடேன்!"

"விட்டால் தொலைந்துபோகுமே!" காப்பான் நகல்களை இன்னும் இறுகப் பிடித்துக்கொண்டது.

புது டிஸ்க் மெதுவாகச் சொன்னது: "என்னிடம் தந்ததில் ஏதாவது ஒன்றைத் திருப்பிக் கேட்டுப் பாரேன்."

காப்பான் கேட்டது. வந்த படத்தைக் கையிலிருந்த நகலோடு ஒப்பிட்டது. மயிரிழைகூட மாறவில்லை. இன்னொன்றைக் கேட்டது, அதுவும் அப்படியே வந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு காப்பான் கையை விரித்தது. நகல்கள் பொலபொலவென்று உதிர்ந்தன. அடிபட்டவரின் படம் திறந்தது. அதைப் பார்த்த டாக்டர் அறுவை அறைக்கு ஓடினார்.

ஒரே ஒரு நகலை மட்டும், வேறொரு குழந்தையின் படத்தை, காப்பானால் விட முடியவில்லை.

மெமரி அதைக் கவனித்தது. "அது இருந்துவிட்டுப் போகட்டும்" என்றது.