தும்பி இல்லாத பதினெட்டு நாள்

மூன்றாவது வரிசையில் கொண்டுபோய் உட்கார வைத்தபோதே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மேடையில் அக்கா. சூழலியலில் முப்பது வருடம் குப்பை கொட்டிவிட்டு இன்றோடு ஓய்வு பெறுகிறாள்.

அவளுடைய ஒரே ஒரு கட்டுரையை, இரண்டாயிரத்து முந்நூறு கட்டுரைகள் மேற்கோள் காட்டியிருக்கின்றனவாம். வரவேற்புரை சொன்னவர் அதை மூன்று தடவை சொன்னார்.

அந்தக் கட்டுரைக்குத் தும்பி எண்ணியவன் நான்.

ஆறு வருடம். தினமும் காலை ஒன்பது மணிக்கு, முழங்கால் சேற்றில், ஏரியைச் சுற்றி ஒரு நடை. அவள் பாதி நாள் வெளிநாட்டில் இருப்பாள். வந்து என் நோட்டை வாங்கிக் கணினியில் ஏற்றிக்கொள்வாள்.

முதல் நாளே கறாராகச் சொல்லியிருந்தாள். போய்ப் பார்த்து ஒன்றும் இல்லையென்றால் பூஜ்ஜியம் போட வேண்டும். போகாத நாளைக் காலியாக விட வேண்டும். இரண்டும் ஒன்றில்லை.

கட்டுரை அச்சில் வந்ததும் ஆசை ஆசையாக என் பெயரைத் தேடினேன். கடைசிப் பக்கத்தில், களத்தில் உதவிய ஒருவருக்கு நன்றி என்று இருந்தது. கூடப் பிறந்தவன், ஒருவராம். கேட்டதற்கு, வெட்டியாக இருந்தவனுக்கு வேலை போட்டுக் கொடுத்ததே பெரிது என்றாள். அன்றோடு எங்களுக்குள் பேச்சு இல்லை.

பெயரைத் தேடப் போய்த்தான் அந்த வரைபடத்தையும் பார்த்தேன். இப்போது அதுதான் திரையில், சுவர் முழுக்க நிற்கிறது. ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த கோடு திடீரென்று அடிமட்டத்துக்கு விழுகிறது. பதினெட்டு நாள் அங்கேயே கிடந்துவிட்டு எழுந்துகொள்கிறது. ஒரு ஏரி எப்படிச் செத்துப் பிழைக்கிறது என்பதற்கு எல்லா வகுப்பிலும் இதைத்தான் காட்டுகிறார்களாம்.

நான் காலியாக விட்ட இடத்தில் அவள் பூஜ்ஜியம் போட்டிருந்தாள். தெரிந்து போட்டாளா, அவசரத்தில் போட்டாளா, எனக்குத் தெரியாது. போனால் போகிறது, அக்காதானே என்று இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

ஆனால் ஏற்புரையில் அவள், ஆறு வருடத்தில் ஒரு நாள்கூட விடாமல் அந்த ஏரியைக் கவனித்தோம் என்றாள்.

அடிப்பாவி.

கேள்வி கேட்பவர்களுக்காக வைத்திருந்த மைக்கை எடுத்தேன்.

"அந்தப் பதினெட்டு நாளும் நான் ஏரிப்பக்கமே போகல. நோட்டுல காலியாத்தான் விட்டிருந்தேன்."

முதல் வரிசை மொத்தமும் திரும்பி என்னைப் பார்த்தது. அக்கா அசரவில்லை. அவளிடமும் மைக் இருந்தது.

"வேலையைப் போட்டுட்டு எங்கடா ஊர் சுத்திட்டு இருந்தே?"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

வரைபடத்துக்குக் கீழே தேதிகள் இருக்கின்றன, அதை மட்டும் வாசி என்றேன்.

அவள் சலித்துக்கொண்டே கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்துத் திரும்பினாள். கோடு விழுந்த முதல் தேதியைச் சத்தமாகவே வாசித்தாள். அது அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த நாள்.

கடைசித் தேதியை அவள் வாசிக்கவில்லை.

அதற்கு மறுநாள்தான் விமானத்தில் வந்து இறங்கினாள். அதற்குள் நாங்கள் அம்மாவை எடுத்துவிட்டோம்.