ஒரு வேலைக்கு ஒரு ரம்புட்டான்

"ஏட்டி, விளையாடுன சாமானையாவது எடுத்து வைக்கக் கூடாதா? அப்படியே உங்க அப்பாவை உரிச்சு வச்சிருக்க!"

எல்.கே.ஜி. படிக்கும் சஷ்டிகா அசைந்து கொடுக்கவில்லை. மாரிச்செல்விக்குத் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

குற்றாலத்தில் சீசன் தொடங்கியிருந்தது. மேலகரம் பழக்கடையில் ரம்புட்டானைப் பார்த்ததும் அவளுக்கு ஒரு யோசனை வந்தது.

"இனிமே ஒரு வேலை செஞ்சா ஒரு பழம். சரியா?"

மறுநாள் அவள் குளித்துவிட்டு வருவதற்குள் பொம்மைகள் கூடைக்குள் போயிருந்தன. துண்டுகள் மடிக்கப்பட்டிருந்தன. செருப்புகள்கூட வரிசையில் நின்றன! சஷ்டிகா கை நீட்டி மூன்று பழம் வாங்கிக்கொண்டாள்.

ஒரு வாரம் இதேபோல் நடந்தது. மாரிச்செல்விக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்து வீட்டுச் சந்தனமாரியிடம் சொன்னாள்: "பிள்ளையை வேலை வாங்கத் தெரியணும்க்கா!"

ஞாயிற்றுக்கிழமை சீக்கிரமே குளித்து முடித்துக் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

கல்யாணமாகி ஆறு வருஷத்தில் குடித்த தம்ளரைக்கூட நகர்த்தாத விஜய்பாண்டி, குத்தவைத்துத் துண்டு மடித்துக்கொண்டிருந்தான். நாற்காலியில் சஷ்டிகா.

"இன்னைக்காவது எனக்கு ரெண்டு பழம் தரணும், ஆமா."

"முடியாதுப்பா. உனக்கு ஒண்ணு, எனக்கு ரெண்டு. செருப்பை அடுக்கு, அம்மா வந்துருவா!"

மாரிச்செல்வி ஓசைப்படாமல் கதவை மறுபடி சாத்திக்கொண்டாள்.

சாயங்காலம் பழக்கடையில் சொன்னாள்:

"ரெண்டு கிலோவாப் போடுங்க அண்ணாச்சி. நாளையிலருந்து பாத்திரம் வெளக்குத வேலையும் இருக்கு."