குழாயில் சுற்றிய முடி

அன்னவாசலில் பரிமளாவின் கடைவாசலில் வெயில் கண்ணைக் கூசுகிறது. கணவர் நாகராசு இறந்ததிலிருந்து ஓடாமல் நிற்கும் சோடா மெஷினில், பன்னீர் சோடா வரும் குழாயைத் தன் மெஷினுக்காகக் கழற்றுகிறார் மணமேல்குடி சோடாக்காரர் உதயசூரியன். அவருடைய மெஷின் இதைவிடப் பழைய மாடல். அதற்கு உதிரி எங்கேயும் கிடைப்பதில்லை. ஸ்பேனர் கிறீச்சிட, குழாய் கழன்று வருகிறது. மரையில் கருப்பாக என்னவோ சுற்றியிருக்கிறது. நகத்தால் சுரண்டிப் பார்க்கிறார். தலைமுடி. "இது எங்க மாடல் குழாய்ங்க. ஒங்க மெஷினுக்கு லூசா இருந்திருக்கும். அதான் முடியச் சுத்தி இறுக்கியிருக்காரு." சவுரிக்காரனுக்குப் போட மாடத்தில் சேர்த்த தன் முடியைக் காணோமென்று பல வருசத்துக்கு முன் ஒருநாள் பரிமளா எலியைத் திட்டித் தீர்த்தபோது, நாகராசு சோடா பிடித்துக்கொண்டே சிரித்தார். உதயசூரியன் முடியை உருவிக் கீழே போடுகிறார். "அதையும் கொண்டுபோங்க. ஒழுகப்போகுது," என்கிறாள். "எங்க மெஷின்ல கச்சிதமா உக்காந்துரும்ங்க. இது வேணாம்." அவர் போனபின் பரிமளா குனிந்து எடுக்கிறாள். அவள் தலையில் இன்று ஒரு கருப்பு முடி இல்லை. விரலில் சுற்றிக்கொண்டது மட்டும் அப்படியே கருகருவென்று இருக்கிறது.